கழுத்துத் தோலை இறுக்கும் சத்திரசிகிச்சைக்கு வன்னியிலிருந்து வெளிநாடு போவோர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடிக்குக் கீழே தொங்கும் தோலையும் கொழுப்பையும் குறைத்து, கழுத்தின் முன்தசையை இறுக்கித் தைக்கும் சத்திரசிகிச்சை பற்றி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்தவர்கள் கேட்பவை இங்கே உள்ளன. பயண விபரங்கள் சென்னையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பாங்கொக், கோலாலம்பூர் போவோருக்கும் மருத்துவப் பகுதி மாறாது.

இந்தச் சத்திரசிகிச்சையில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

நாடிக்குக் கீழுள்ள மடிப்பில் 3 சென்ரிமீற்றர் அளவில் ஒரு வெட்டு. தோல் அதிகமாகத் தொங்கினால் இரண்டு காதுகளையும் சுற்றி, காதின் பின்புறம் தலைமயிருக்குள் போகும் வெட்டுகளும் உண்டு. தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள கொழுப்பை 2 முதல் 3 மில்லிமீற்றர் குழாயால் உறிஞ்சுவார்கள், அல்லது கத்தரிப்பார்கள். பிறகு பிளற்றிஸ்மா என்ற மெல்லிய தசையின் இரண்டு விளிம்புகளையும் நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். வயதாக ஆக இந்த விளிம்புகள் விலகுவதால்தான் கழுத்தில் இரண்டு கயிறு போலத் தெரிகிறது. கடைசியாகத் தோலைக் காதுப் பக்கம் இழுத்து, மிஞ்சியதை வெட்டித் தைப்பார்கள். 2 முதல் 4 மணித்தியாலம் எடுக்கும்.

கன்னம், வாயோரக் கோடு, கண்ணடிப் பை எதையும் இது மாற்றாது. நாடி எலும்பே சிறியதாக இருந்தால் கழுத்தை எவ்வளவு இறுக்கினாலும் எதிர்பார்த்த வளைவு வராது. இதைப் போக முன்னரே வைத்தியரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

எனக்கு இருப்பது கொழுப்பா, தோலா, தசையா? வீட்டிலேயே பார்க்கலாமா?

ஓரளவுக்குப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று நாடிக்குக் கீழே தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுங்கள். உடனே சுருங்கி ஒட்டிக்கொண்டால் தோலில் இன்னும் இழுவை இருக்கிறது. கொழுப்பை உறிஞ்சினாலே போதுமாக இருக்கலாம். மெதுவாகத் திரும்பினால் தோலையும் எடுக்க வேண்டிவரும். அடுத்து பல்லைக் கடித்து வாயோரங்களைக் கீழே இழுங்கள். கயிறுகள் எழும்பினால் தசை விலகியிருக்கிறது. அப்படி இறுக்கி வைத்திருக்கும்போதே மீண்டும் கிள்ளுங்கள். கைக்குள் தடிப்பாக அகப்பட்டால் கொழுப்பு தசைக்கு மேலே. ஒன்றும் அகப்படாவிட்டால் அது தசைக்கு அடியில். அதை உறிஞ்சும் குழாயால் எட்ட முடியாது.

இன்னொன்று, இதைத் தவறவிடாதீர்கள். ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். வீக்கம் விழுங்கும்போது மேலேறி இறங்கினால் அது கொழுப்பல்ல, பெரும்பாலும் தைரொயிட்டு, அதாவது கண்டக்கழலை. கட்டியாக, ஒரு பக்கம் மட்டும், கிழமைக்குக் கிழமை வளர்வதாக இருந்தால் நிணநீர் முடிச்சோ உமிழ்நீர்ச் சுரப்பியோ ஆகலாம். இந்த நிலையில் சென்னைக்கு ரிக்கெற் போட வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது; முதலில் அங்கே சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காட்டி, தைரொயிட்டுக்கான குருதிப் பரிசோதனையும் கழுத்து ஸ்கானும் முடியுங்கள்.

ஊசி போட்டுக் கொழுப்பைக் கரைக்கலாம் என்கிறார்களே?

டீஒக்சிகோலிக் அமில ஊசி 2015 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாடிக்குக் கீழுள்ள கொழுப்புக்கு மட்டும், பல தடவை போட வேண்டும். தொங்கும் தோலுக்கும் தசைக் கயிற்றுக்கும் ஒன்றும் செய்யாது. அழகுநிலையத்தில் போடுவதென்றால் வேண்டாம். ஊசி இடம் தவறினால் கீழுதட்டை இயக்கும் நரம்பு பாதிக்கப்படும், தோல் செத்துப் புண்ணாகும்.

கழுத்தில் செல் சன்னம் இருக்கிறது. செய்யலாமா?

செய்யலாமா என்பதை சி.ரி. ஸ்கான் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். சன்னம் கழுத்துப் பெருநாடிக்குப் பக்கத்தில் இருக்கிறதா, தோலுக்கு அடியிலா, முள்ளந்தண்டுப் பக்கமா என்பதைப் பொறுத்து முழுத் திட்டமும் மாறும். வெளிநாட்டு வைத்தியர் நீங்களாகச் சொல்லாவிட்டால் இதைக் கேட்காமலே விடலாம். அவர்களுடைய படிவங்களில் செல் சன்னத்துக்குக் கட்டம் இல்லாமலும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கப் படுக்க வைத்தால் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: இரும்புச் சன்னம் அந்தக் காந்தத்தில் அசையலாம், சூடேறலாம். உடம்பில் வேறெங்கு சன்னம் இருந்தாலும் இதே விதிதான். விமான நிலையச் சோதனையிலும் உலோகம் காட்டலாம். வைத்தியசாலைக் கடிதமும் எக்ஸ்றேயின் படமும் கைப்பையில் இருந்தால் விளக்கம் சொல்லி மினக்கெடத் தேவையில்லை.

பழைய காயத் தழும்பு கழுத்துக்குக் குறுக்கே போனால் இன்னொரு சிக்கல் உண்டு. தோலைத் தூக்கும்போது அதற்கு இரத்தம் பக்கங்களிலிருந்துதான் வர வேண்டும். தழும்பு அந்த வழியை மறித்திருக்கும். தழும்புக்கு அப்பாலுள்ள தோல் கறுத்துச் சாகலாம்.

எரிகாயத்தால் கழுத்து இழுத்துப் பிடித்திருக்கிறது. இதே சத்திரசிகிச்சைதானா?

இல்லை, எதிர்மாறானது. அங்கே தோல் போதாமல் இருக்கிறது. இறுக்கமான தழும்பை வெட்டி விடுவித்து, வேறிடத்துத் தோலை ஒட்ட வேண்டும். அது அழகுக்கான சிகிச்சை அல்ல, அரசாங்க வைத்தியசாலையில் செய்யப்படும் சிகிச்சை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிப் போங்கள். இதற்காகக் காணியை ஈடு வைத்து வெளிநாடு போக வேண்டியதில்லை.

சீனி வருத்தம், பிரசர் இருக்கிறது. வெற்றிலையும் போடுவேன். என்ன செய்ய வேண்டும்?

மூன்றும் மூன்று விதமாகக் கெடுக்கும்.

பிரசர் கூடினால் இரத்தம் கசியும். 140/90 க்குக் கீழே நிலையாக வந்த பிறகே நாள் குறியுங்கள். பிரசர் குளிசையைச் சத்திரசிகிச்சைக்காக நீங்களாக நிறுத்தக் கூடாது; அன்று காலை எந்தக் குளிசையை எடுப்பது என்று மயக்க மருந்து வைத்தியர் சொல்வார். இரத்தம் கட்டாமல் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிறல், வார்பரின் எடுப்பவர்கள் இதய வைத்தியரைக் கேட்காமல் ஒன்றையும் நிறுத்த வேண்டாம். நிறுத்தலாம் என்று அவர் சொன்னால் அஸ்பிரினுக்கு 7 முதல் 10 நாள் இடைவெளி தேவை. டைக்குளோபினக், இபுபுறுபன், மீனெண்ணெய், விற்றமின் ஈ, உள்ளிக் குளிசை எல்லாம் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் குளிசையை மருந்தென்றே நினைக்காமல் சொல்லாமல் விடுவார்கள். அதையும் எழுதிக் கொடுங்கள்.

சீனி கூடியிருந்தால் புண் ஆறாது, கிருமி தொற்றும். கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை 7 அல்லது 7.5 சதவீதத்துக்குள் வருவது நல்லது. 8 ஐத் தாண்டினால் தள்ளிப் போடுங்கள்.

வெற்றிலைக்கு இரண்டு பாதிப்பு. அதோடு சேரும் புகையிலையிலுள்ள நிக்கொற்றின், சிகரெட் போலவே தோலின் நுண்குழாய்களைச் சுருக்கும். காதுக்குப் பின்னால் தோல் கறுத்து உரிவது பெரும்பாலும் இதனால்தான். முன்னுக்கு 4 கிழமை, பின்னுக்கு 4 கிழமை முழுதாக நிறுத்த வேண்டும். பயண நாளன்று வெற்றிலைப் பெட்டியை வீட்டில் விட்டுப் போவது போதாது. இரண்டாவது பாக்கு. பல வருடம் பாக்கு மென்றவர்களுக்கு வாயின் உட்புறம் இறுகி வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடியாவிட்டால் மயக்க மருந்தின்போது சுவாசக் குழாய் இறக்குவது கடினம். இதை மயக்க மருந்து வைத்தியரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். தெரிந்திருந்தால் வேறு வழியில் குழாய் இறக்க ஆயத்தமாக இருப்பார். தெரியாமல் மேசையில் கண்டுபிடிப்பதுதான் ஆபத்து.

வைத்தியர் சரியானவர்தானா என்று எப்படிப் பார்ப்பது?

"கொஸ்மெற்றிக் சேர்ஜன்" என்பது பட்டமல்ல. இந்தியாவில் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. என்ற மேற்படிப்பு முடித்தவரா என்று பாருங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். வைத்தியசாலைக்கு என்.ஏ.பி.எச். என்ற இந்தியத் தரச்சான்றோ ஜே.சி.ஐ. என்ற சர்வதேசத் தரச்சான்றோ இருக்கிறதா, இரவில் மயக்க மருந்து வைத்தியர் இருப்பாரா, தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்திலா என்று கேளுங்கள். வாடகை அறையில் செய்துவிட்டு மாலையில் பூட்டிவிட்டுப் போகும் இடத்தில் கழுத்துச் சத்திரசிகிச்சை செய்யவே கூடாது. காரணம் கீழே இருக்கிறது.

விலைக் கடிதத்தில் சத்திரசிகிச்சையாளர், மயக்க மருந்து வைத்தியர், தியேட்டர், அறை, பரிசோதனை, மருந்து, பிறகு கழுத்தைச் சுற்றிக் கட்டும் இறுக்கும் பட்டி எல்லாம் தனித்தனியே இருக்க வேண்டும். அதோடு ஒரு வரி: இரத்தம் கட்டித் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோனால் யார் காசு? அநேகமானோர் இதைக் கேட்பதில்லை. அழகுச் சத்திரசிகிச்சையின் சிக்கல்களைக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்காது.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வீடியோவில் வைத்தியரோடு கதைத்து முற்பணமும் கட்டிவிடுவார்கள். அது உதவிதான். ஆனால் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பது நோயாளி. தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வீசா, நாட்கணக்கு எப்படி?

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்தியா மின் மருத்துவ வீசா கொடுக்கிறது: 60 நாள், மூன்று தடவை உள்ளே போகலாம். வைத்தியசாலையின் கடிதம் வேண்டும். கூடப் போகும் இருவருக்குத் துணையாளர் வீசா கிடைக்கும். கடவுச்சீட்டு இல்லாதவர்கள் வவுனியா அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

நாட்கணக்கை இப்படிப் போடுங்கள். போய்ச் சேர்ந்த அடுத்த நாள் வைத்தியரை நேரில் பார்ப்பதும் குருதிப் பரிசோதனையும். நடுவில் ஒரு நாளாவது யோசிக்க விடுங்கள். பிறகு சத்திரசிகிச்சை. அதன் பின் 14 நாள். மொத்தம் 17, 18 நாள். "ஐந்து நாளில் வீட்டுக்கு" என்ற விளம்பரம் தையல் வெட்டும் நாளைக்கூடக் கணக்கெடுக்கவில்லை: நாடித் தையல் 5 முதல் 7 நாளில், காதுக்குப் பின்னால் உள்ளது 7 முதல் 10 நாளில் வெட்டப்படும்.

புறப்படுவதற்கு முந்திய இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்திருந்தால் முழுக் குருதிப் பரிசோதனை எடுங்கள். மாரியில் டெங்குக்குப் பிறகு இரத்தத்தை உறைய வைக்கும் குருதிச் சிறுதட்டு குறைந்திருக்கும்போது கத்தி வைப்பது பெரிய பிழை.

தாலிக்கொடியைக் கழற்ற வேண்டுமா?

ஆம். கழுத்துத்தான் சத்திரசிகிச்சை நடக்கும் இடம். கொடியோ மஞ்சள் கயிறோ அங்கே இருக்க முடியாது. இரத்தக் குழாயை மின்சாரத்தால் சுடும் கருவி பாவிப்பதால் காப்பு, மோதிரம், தோடும் கழற்ற வேண்டும். மனம் கேட்காதவர்கள் உலோகம் இல்லாத மஞ்சள் கயிற்றைக் கணுக்காலிலோ மணிக்கட்டிலோ கட்டலாமா என்று தாதியிடம் முதல்நாளே கேளுங்கள்; பெரும்பாலும் விடுவார்கள். கனமான கொடியைத் திரும்பப் போடுவது ஒரு மாதத்துக்குப் பிறகு.

சாப்பாட்டைச் சத்திரசிகிச்சைக்கு 6 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும். பால் தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். பால் விடாத பிளேன்ரீயும் தண்ணீரும் 2 மணித்தியாலம் முன்வரை குடிக்கலாம்.

என்னென்ன பிழைக்கும்?

முதலாவதும் முக்கியமானதும் இரத்தம் கட்டுவது. சத்திரசிகிச்சையின்போது அட்றினலின் கலந்த மருந்து ஏற்றுவதால் குழாய்கள் சுருங்கி எல்லாம் காய்ந்தது போலத் தெரியும். பின்னேரம் அந்த மருந்து தேயும். அதே நேரம் மயக்கம் தெளிந்து நோவு, சத்தி, சலம் போக முடியாத அவதி எல்லாம் பிரசரை ஏற்றும். அப்போதுதான் கசியத் தொடங்கும். பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள். ஆண்களுக்குத் தாடி மயிர்க்கால்களில் இரத்த ஓட்டம் கூட என்பதால் ஆபத்தும் கூட. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்குதல், ஒரு பக்கம் கடும் நோவு, பட்டி இறுகுவது போன்ற உணர்வு, குரல் மாறுதல், விழுங்க முடியாமை: இதில் ஒன்று வந்தாலும் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். கழுத்துக்குள் கட்டும் இரத்தம் சுவாசக் குழாயை அமுக்கும். தையலை அங்கேயே திறந்து இரத்தத்தை வெளியேற்றுவதே சிகிச்சை. அதனால் முதல் இரவு வைத்தியசாலையில்தான், ஹோட்டலில் அல்ல. பிறகு தங்கும் இடமும் அரை மணித்தியால ஓட்டத்துக்குள் இருக்கட்டும்.

காதுச் சோணையும் அதைச் சுற்றியும் மரத்துப் போவது சாதாரணம். மாதக் கணக்கில் திரும்பும். காதுக்குக் கீழே ஓடும் பெரிய செவி நரம்பே வெட்டுப்பட்டால் மரப்பு நிரந்தரமாகலாம். சிரிக்கும்போது கீழுதடு ஒரு பக்கம் இறங்காவிட்டால் பயந்து போவார்கள். பெரும்பாலும் சில கிழமையிலிருந்து மூன்று மாதத்தில் சரியாகும்.

தோலுக்கு அடியில் தெளிந்த நீர் சேர்ந்தால் ஊசியால் எடுப்பார்கள். நடுவில் கொழுப்பை அளவுக்கு மீறி எடுத்து, தசையைச் சேர்த்துத் தைக்காமல் விட்டால் நடுவில் குழி விழுந்து இரண்டு பக்கமும் புடைக்கும். திருத்துவது மிகக் கடினம். தோலை இழுத்து இறுக்கியே பலன் காட்டப் பார்த்தால் காதுச் சோணை கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டிவிடும். இழுவையைத் தசை தாங்க வேண்டும், தோல் அல்ல.

கடைசியாக, தாமதமாக வரும் ஒரு தொற்று. காசநோய்க் கிருமிக்கு உறவான, நீரில் வாழும் மைக்கோபக்ரீரியா வகைகள் சரியாகத் தொற்று நீக்காத கருவி வழியாகப் புகுந்து, கிழமைகள், மாதங்கள் கழித்து சிவந்த கட்டிகளாக வெளிவரும். சாதாரண அன்ரிபயோற்றிக்குக் கேளாது.

எப்படித் திரும்பி வருவது?

முகம், கழுத்துச் சத்திரசிகிச்சைக்குப் பின் விமானப் பயணத்துக்கு 7 முதல் 10 நாள் பொறுக்கச் சொல்வது வழக்கம். 14 நாள் பாதுகாப்பு. சென்னையிலிருந்து பலாலிக்குப் பறப்பது ஒன்றேகால் மணித்தியாலம் அளவு, அங்கிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 80 கிலோமீற்றர். கட்டுநாயக்கா என்றால் இறங்கிய பிறகு 300 கிலோமீற்றருக்கு மேல் றோட்டுப் பயணம், ஆறேழு மணித்தியாலம். ரிக்கெற் கொஞ்சம் கூடினாலும் பலாலியே நல்லது. கட்டுநாயக்காதான் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடவுங்கள். கெண்டைக்கால் வீங்கி நோகாமல் இருக்க அது வேண்டும். ஆசனப் பட்டி கழுத்தில் உரசாமல் துவாய் மடித்து வையுங்கள். தலைக்கு மேலுள்ள தட்டில் பையை நீங்கள் தூக்கி வைக்க வேண்டாம்.

நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் மலிவு. ஆனால் கடல் கொந்தளித்தால் சத்தி வரும். சத்தி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கழுத்தில் அழுத்தம் ஏறும். போகும்போது ஏறலாம், வரும்போது வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு?

முதல் இரண்டு கிழமை ரவுணுக்குக் கிட்ட இருக்க முடிந்தால் இருங்கள். கொக்கிளாயிலோ துணுக்காயின் உட்புறத்திலோ இருந்து இரவில் வாகனம் பிடிப்பது எளிதல்ல. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ்.

தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தி மல்லாக்கப் படுங்கள். தலையணியை இரண்டாக அடுக்கினால் நாடி நெஞ்சை நோக்கி மடியும், கழுத்துத் தோலுக்கு இரத்தம் தடைப்படும். கட்டிலின் தலைக்கால்களுக்குக் கீழே கல் வைப்பதே சரி. பட்டியை முதல் கிழமை நாள் முழுக்க, அடுத்த இரண்டு மூன்று கிழமை இரவில். வியர்வையில் ஊறிய பட்டி தோலை அவிக்கும். ஆகவே இரண்டு பட்டி வாங்கி மாற்றி மாற்றித் தோயுங்கள். காண்டாவன வெயிலில் இது பெரிய தொல்லை. காலபோக அறுவடை முடிந்த கையோடு போய் பங்குனிக்குள் திரும்பினால் தப்பலாம்.

மோட்டார் சைக்கிள்தான் எங்கள் ஊர்களின் கால். ஹெல்மெற்றின் நாடி வார் சரியாக வெட்டின் மேலேயே உட்காரும், காது மெத்தை காதோரத் தையலை இழுக்கும். ஹெல்மெற் இல்லாமல் ஓடுவது பதிலல்ல. 6 கிழமைக்கு ஓட்டோ அல்லது பஸ்.

தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, உர மூடை 6 கிழமைக்குத் தூக்கக் கூடாது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்த்தி வைத்திருப்பவர்கள் பால்செம்பை அடுத்த வருடத்துக்கு வைக்கட்டும். வயல் சேற்றில் இறங்குவது புண் முழுதாக ஆறிய பின்னரே: சேற்றிலும் வயல் நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமி தோல் வெடிப்பு வழியாகப் புகும், சீனி வருத்தக்காரரைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், வேப்பிலை அரைப்பு, நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம்.

நோவுக்குப் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மிக மெலிந்தவர்களும் அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். முதல் கிழமை குழைந்த சோறு, இடியப்பம், சொதி. எலும்பு கடிப்பதைத் தள்ளி வையுங்கள்.

தழும்பு தடித்துவிடுமா?

நம் தோலில் அந்தச் சாத்தியம் கூட, காதுக்குப் பின்னால் குறிப்பாக. காது குத்திய இடமோ பழைய காயமோ கட்டியாக வளர்ந்திருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள். தையல் வெட்டிப் புண் மூடியதும் சிலிக்கன் தாளைத் தழும்பின் மேல் நாளுக்கு 12 மணித்தியாலம், 2 முதல் 3 மாதம் ஒட்டி வையுங்கள். வெயில் பட்டால் தழும்பு கறுக்கும். ஒரு வருடத்துக்கு வெளியே போகும்போது குடையும் எஸ்.பி.எஃப். 30 களிம்பும். தடிக்கத் தொடங்கினால் உடனே காட்டுங்கள், தழும்பை மெலிய வைக்கும் ரைஅம்சினலோன் ஊசிக்கு ஆரம்பத்தில்தான் நன்றாகக் கேட்கும்.

மகளின் கலியாணத்துக்கு முன் செய்தால் எத்தனை மாதம் வேண்டும்?

மூன்று மாதம் குறைந்தது. நீலமும் மஞ்சளும் பாய்ந்த நிறம் இரண்டு மூன்று கிழமையில் போகும், வீக்கத்தின் பெரும்பகுதி ஆறு கிழமையில் வடியும், மிச்சம் ஆறு மாதம் வரை இழுக்கும்.

இங்கே சிக்கல் வந்தால் எங்களுடைய ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். ஆனால் உள்ளே என்ன செய்யப்பட்டது என்று தெரியாமல் பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பார்ப்பதுதான். புறப்படும் முன் இவற்றைத் தாளில் வாங்குங்கள்: சத்திரசிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, வெளியேற்ற அறிக்கை, கொடுத்த அன்ரிபயோற்றிக்கின் பெயரும் நாளும், உள்ளே விட்ட கரையாத தையலோ வேறு பொருளோ இருந்தால் அதன் விபரம். தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். வெட்கத்தில் "சும்மா வீங்கிற்று" என்று சொல்பவர்கள் உண்டு. வெளிநாட்டில் சத்திரசிகிச்சை செய்தது என்று முதலிலேயே சொன்னால்தான் வைத்தியர் சீழை எடுத்து மைக்கோபக்ரீரியாவுக்கும் சேர்த்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். சொல்லாவிட்டால் சாதாரண அன்ரிபயோற்றிக்குகளையே மூன்று தடவை மாற்றி எழுதி மாதங்கள் போய்விடும்.